நியூ பிளட்

ஜெனிஸிஸ் குழுவை ஸ்தாபித்தவர்களுள் ஒருவராயிருந்து 1975-இல் அதனின்று விலகித் தனிவழி கண்ட ஆங்கில ராக் பாடகரும் பாடலாசிரியருமான பீட்டர் கேப்ரியல், தம் பழைய பாடல்களைச் சிம்பொனி வாத்தியக் குழுவுக்கென மாற்றியமைத்து 2011-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு. பிறர் பாடல்களை இம்முறையிலேயே அவர் பாடியளித்த ஸ்கிராட்ச் மை பேக் (2010) இதற்கு முன்னோடி.

கிதாரும் டிரம்ஸும் அறவே கூடாதென்று அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமமே இம்முயற்சியின் ஜீவன். ராக் பாடலின் பின்னணியில் வயலின்களைச் சேர்த்து அதனோடு திருப்தியடைந்துவிடும் சாமான்ய வழக்கத்தினின்று இதனை வேறுபடுத்துவதும் அதுவே. வாத்திய அமைப்பின் பெரும்பொறுப்பை ஜான் மெட்காஃப் ஏற்க, 46 கலைஞர் கொண்ட குழு வாசித்தது. 1982-இல் வெளிவந்த மூல வடிவில் ஆப்பிரிக்க முரசங்களின் பேரோசையோடு முடிவுற்ற 'தி ரிதம் ஆஃப் தி ஹீட்', இங்கே அம்முரசங்களின் ஆவேசத்தைத் தந்தி வாத்தியங்களின் மீதேற்றி உக்கிரமான உச்சத்தை எய்துவது, இத்தொகுப்பின் சிறந்த சாதனை என்று துணிந்து கூறலாம். 1986-இல் கேட் புஷ் உடன் பாடிய 'டோன்ட் கிவ் அப்' பாடலில் இம்முறை நார்வே நாட்டு ஆனே புரூன் குரல் கொடுத்தார். அப்பாடலின் முந்தைய சோகத்தை இவ்வடிவம் முற்றும் எட்டவில்லை. பாத் நகரருகேயுள்ள குன்றைப் பாடும் 'ஸால்ஸ்பரி ஹில்' (1977), அக்குன்றிலேயே பதிவான இயற்கை ஒலிகளை அடுத்து இறுதியில் இடம்பெறுகிறது.