குடல் நோயும் கரையும் எலும்பும்

வயிற்று நோய்க்காக மருத்துவரிடம் செல்லும் ஒருவரின் முதுகெலும்பை யாராவது சோதிப்பார்களா? வயிற்றுக்கும் முதுகெலும்புக்கும் என்ன தொடர்பு என்றுதானே கேட்கிறீர்கள்! அந்தத் தொடர்பு மருத்துவர்களுக்கே மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் சிறுகுடலின் கடைப்பகுதி தடித்துப் புண்ணாகும் நோயை விவரித்தனர். இன்று அது கிரோன் நோய் எனப்படுகிறது. (ஆங்கில அகரவரிசையில் கிரோன் முதலில் நின்றார், மற்ற இருவரையும் உலகம் மறந்துவிட்டது!) அதே ஆண்டில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், முகமும் உடலும் பருத்து, எலும்பு நலிந்து, கூன் விழும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் மிகுவதே இதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. இவ்விரு கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்க அன்று யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

அந்தத் தேவை பின்னர் வந்தது. 1948-இல் மேயோ மருத்துவ நிலையத்தில் மூட்டு வாதத்திற்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கார்ட்டிசோன், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்தான். 1955-இல் இங்கிலாந்தின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் பெருங்குடல் புண் நோயாளிகளிடம் அதன் பலனை வெளியிட்டனர். ஆறு வாரங்களில் மருந்து பெற்றவர்களில் 100-க்கு 41 பேருக்கு நோய் தணிந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 16 பேருக்கே தணிந்தது. உயிர்காக்கும் மருந்து, ஐயமில்லை. ஆனால் குஷிங் கண்ட எலும்பு நலிவும் கூடவே வந்தது.

உங்கள் எலும்பு ஓயாமல் இடித்துக் கட்டப்படும் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடிக்கும் உயிரணுக்கள் ஒரு வகை. கட்டுபவை வேறு வகை. கார்ட்டிசோன் வகை மருந்துகள் கட்டுபவற்றை முடக்குகின்றன. பழியை மருந்தின்மீதே போட்டுவிடுவதும் சரியன்று. குடல் அழற்சியே இடிப்பவற்றைத் தூண்டுகிறது. புண்பட்ட சிறுகுடலோ கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் சரிவர உறிஞ்சுவதில்லை.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் இந்த இழப்பு தெரிய வேண்டுமானால், எலும்பின் தாதுப்பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். 1963-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கேமரன், சோரன்சன் இருவரும் கதிரியக்க அயோடினின் கதிர்களை எலும்பினூடே செலுத்தி அடர்த்தியை அளந்தனர். 1980-களின் பிற்பகுதியில் இரு ஆற்றல் எக்ஸ்ரே கருவி வந்தது. முதுகையும் இடுப்பையும் சில நிமிடங்களில் அளந்துவிடும் கருவி அது.

2000-இல் கனடாவின் மானிட்டோபாவிலிருந்து ஒரு கணக்கு வந்தது: குடல் அழற்சி நோயாளிகளுக்கு எலும்பு முறிவு மற்றவர்களைவிட 40 விழுக்காடு மிகுதி. 2003-இல் அமெரிக்கக் குடலியல் கழகம் யார் யாரைச் சோதிக்க வேண்டும் என வரையறுத்தது. கார்ட்டிசோன் வகை மருந்துகளை மூன்று மாதங்களுக்கு மேல் உண்டவர்கள், முன்பே எலும்பு முறிந்தவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், 50 வயது கடந்த ஆண்கள் ஆகியோர் அதில் அடங்குவர்.

விதி வந்த பிறகும் பலர் சோதிக்கப்படவில்லை. குடும்ப மருத்துவர் எழுதுவார் என்று குடல் மருத்துவர் நினைக்கிறார். அவர் இவரை நினைக்கிறார்! இந்நோய் பெரும்பாலும் இளவயதில், எலும்பு வலுச் சேர்க்கும் பருவத்தில் தொடங்குவதால், முறிவைப் பற்றிய எண்ணமே எழுவதில்லை.

2013-இல் அதே விஸ்கான்சினிலிருந்து ஓர் எளிய வழி வந்தது. வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று சி.டி. படங்களில் முதல் இடுப்பு முள்ளெலும்பின் அடர்த்தியை பிக்ஹார்ட் குழுவினர் அளந்தனர். புதிய படமோ கூடுதல் கதிர்வீச்சோ தேவைப்படவில்லை. கிரோன் நோயாளிகள் பலருக்கு இத்தகைய படம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். குடலைத் தேடிய அப்படத்தில், அதற்குச் சற்றுப் பின்னால், எலும்பும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.