வேதாளைக் கடற்போரும் மறைந்த பெயர்களும்

தமிழகத்து மதரசாக்களில் 'ஃபத்ஹுல் முயீன்' என்னும் ஷாஃபிஈ சட்ட நூலை ஓதாமல் வெளிவந்த ஆலிம்கள் மிகச் சிலரே. அதன் ஆசிரியர் பொன்னானியைச் சேர்ந்த இரண்டாம் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல் சட்டங்களை வகுத்துரைத்த அதே பேனா, நம் கடற்கரையில் நிகழ்ந்த போர்களின் வரலாற்றையும் எழுதிற்று என்பதை அறிந்தவர் குறைவு. 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அந்நூல் ஹிஜ்ரீ 991, அதாவது 1583ஆம் ஆண்டு வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறுகிறது. அதில் நமது இராமநாதபுரக் கடற்கரையைச் சேர்ந்த ஓர் ஊரின் பெயர் வருகிறது. அவ்வூர் வேதாளை. பெரியபட்டினத்திலிருந்து கிழக்கே மண்டபம் நோக்கிச் செல்லும் கரையில் இன்றும் அதே பெயரோடு விளங்குவது.

அங்கே 1538இல் போரிட்டவர்கள் யார், அவர்களை நாம் எவ்வளவு தூரம் அடையாளம் காண முடியும் என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

மாலுமியும் வீரரும்

கலத்தைச் செலுத்துவோர் வேறு; கலத்தில் நின்று போரிடுவோர் வேறு. பின்னவரை மேலை நாட்டார் 'மரீன்' என்பர். ஸ்பெயின் நாட்டினர் தங்கள் கடற்காலாட்படை 1537இல் தோன்றியது என்று கூறி, உலகிலேயே தொன்மையானது அதுவே எனப் பெருமை கொள்வர். இங்கிலாந்து தன் படையின் தொடக்கத்தை 1664 என்றும், அமெரிக்கா 1775 என்றும் குறிக்கும். இவை அரசாங்கங்கள் தனிப்படை அமைத்த ஆண்டுகள். கலத்தில் வீரரை ஏற்றிச் செல்லும் வழக்கமோ நமது கடல்களில் அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது.

பயணி இப்னு பதூதா இதற்குச் சிறந்த சாட்சி. சீனத்துப் பெருங்கலம் ஒன்றில் 1000 பேர் செல்வர் என்றும், அவர்களுள் 600 பேர் மாலுமிகள், 400 பேர் போர்வீரர் என்றும் அவர் கணக்குரைக்கிறார். அந்த 400 பேருள் வில்லாளரும், கேடயம் ஏந்தியோரும், எரிநெய் எறிவோரும் உண்டு. குஜராத் கரையிலிருந்து தாம் ஏறிய கலத்தில் 50 ஹபஷி வீரர்கள் இருந்தனர் என்றும் எழுதுகிறார். ஹபஷியர் ஒருவர் இருந்தாலே கடற்கொள்ளையர் அக்கலத்தை நெருங்க அஞ்சுவர் என்பது அவர் கூற்று.

அதே பயணி 1344ஐ ஒட்டி மஃபர் நாட்டிலிருந்து, அதாவது நம் பாண்டிய நாட்டுக் கரையிலிருந்து, கலமேறினார். அத்துறைமுகத்தை 'ஃபத்தன்' என்று குறிக்கிறார். அழகிய பெரிய நகரம், வியத்தகு துறை, கல்லால் கட்டிய பள்ளிவாசல். துறையில் பருமனான மரங்களை நட்டு, அவற்றின் மேல் பெரிய மரமண்டபம் ஒன்று எழுப்பியிருந்தனர். மேற்கூரையிட்ட மரப்பாதை வழியே அதற்கு ஏறிச் செல்ல வேண்டும். பகைவர் வந்தால் துறையில் நிற்கும் கலங்களை எல்லாம் அம்மண்டபத்தோடு பிணைத்துவிடுவர்; காலாட்களும் வில்லாளரும் மேலேறி நின்று காப்பர்.

இந்த ஃபத்தன் எது என்பதில் ஆய்வாளர் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவிபட்டினம் என்பாரும், காவிரிப்பூம்பட்டினம் என்பாரும் உளர். பெரியபட்டினமே என்று கொள்வோருக்கு வலிமையான துணை, அவ்வூர் மண்ணிலிருந்து கிடைத்த சீனப் பீங்கான்கள். 1980களில் ஜப்பானியப் பேராசிரியர் நொபோரு கராஷிமாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் அங்கே ஆய்வு நடத்தினர். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. சீனப் பயணி வாங் தயுவான் 1349இல் எழுதிய நூலில் 'தா பதான்' எனக் குறிக்கப்படும் துறை இதுவே என்பது கராஷிமாவின் முடிவு. அச்சொல்லின் முதற்பகுதிக்குச் சீன மொழியில் 'பெரிய' என்று பொருள்.

இவ்வூரைப் பாண்டியர் காலக் கல்வெட்டு பவித்திரமாணிக்கப் பட்டினம் என்கிறது. திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள அக்கல்வெட்டு, அப்பட்டினத்தில் இருந்த பள்ளிவாசல் ஒன்றுக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலக்கொடையைக் கூறுவது. அப்பள்ளியின் பெயர் சோனகச் சாமந்தப் பள்ளி. சோனகர் என்பது அக்காலத் தமிழில் முஸ்லிம்களைக் குறிக்கும். சாமந்தர் என்பது படைத்தலைவரைக் குறிக்கும் பட்டம். வணிகராகவே நாம் எண்ணிப் பழகிய நம் முன்னோருள், படைப்பொறுப்பு ஏற்றவரும் இருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று. பாண்டியரின் வைணவக் கோயில் சுவரில் ஒரு பள்ளிவாசலின் கொடை பொறிக்கப்பட்டிருப்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

வேதாளையில் நிகழ்ந்தது

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்த பின், பறங்கியர் கடலைத் தமக்கே உரிய சொத்தாக்க முனைந்தனர். அவர்கள் அளித்த சீட்டின்றிச் செல்லும் கலம் பறிக்கப்பட்டது. தொடக்கத்தில் கொச்சியில் அவர்களோடு வணிகம் செய்த மரைக்கார்கள், இக்கொடுமை பொறாது கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் பக்கம் வந்தனர். அவருடைய கடற்படைத் தலைமை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முஸ்லிம் தலைவர்கள் இந்து மன்னருக்காகவும் தங்கள் வாழ்வுக்காகவும் ஒரே கொடியின் கீழ் நின்ற காலம் அது.

அந்நாளில் இலங்கையில் கோட்டை அரசர் புவனேகபாகு பறங்கியரைச் சார்ந்திருந்தார். அவருடைய இளவல் சீதாவாக்கை மாயாதுன்னை, அவரை எதிர்த்துச் சாமூதிரியின் உதவியை நாடினார். இவ்வழைப்பை ஏற்றே மரைக்கார் படை தென்கடல் புகுந்தது.

துஹ்ஃபா தரும் செய்தி சுருக்கமானது. ஹிஜ்ரீ 944இல் அலீ இப்ராஹீம் மரைக்கார், ஃபகீஹ் அஹ்மத் மரைக்கார், குஞ்ஞாலி மரைக்கார் ஆகிய மூவரும் 42 குராப்களோடு காயல் நோக்கிப் புறப்பட்டனர். குராப் என்னும் அரபுச் சொல்லுக்குக் காகம் என்பது பொருள். துடுப்பும் பாயும் கொண்ட விரைவான போர்க்கலத்துக்கும் அதுவே பெயர். வேதாளையை அடைந்து, கலங்களை நங்கூரமிட்டுவிட்டுக் கரையில் இறங்கிச் சில நாட்கள் தங்கினர். அவ்வேளை பறங்கியர் வந்து தாக்கிக் கலங்கள் அனைத்தையும் கைப்பற்றினர். முஸ்லிம்கள் சிலர் ஷஹீதாயினர். எஞ்சியோர் மலபார் திரும்பும் வழியில் அலீ இப்ராஹீம் மரைக்கார் மரணமடைந்தார். நிகழ்ந்தது ஷஃபான் மாதக் கடைசியில்.

இங்கே ஒரு கணக்கைத் தெளிவுபடுத்துவோம். ஹிஜ்ரீ 944, 1537 ஜூனில் தொடங்கி 1538 மே மாதத்தில் முடிந்தது. ஷஃபான் எட்டாம் மாதமாதலால், அதன் கடைசி 1538 ஜனவரி இறுதியில் அமையும். ஹிஜ்ரீ ஆண்டின் தொடக்கத்தை மட்டும் பார்த்து 1537 என்று குறிப்பது பொருந்தாது.

பறங்கியர் தரப்பில் தலைமை தாங்கியவர் மார்த்திம் அபோன்சோ தெ சோசா. பின்னர் 1542இல் கோவாவின் ஆளுநராக உயர்ந்தவர். அவர்கள் நாட்டு வரலாற்றாசிரியர்கள் மரைக்கார் படையின் தொகையை மிக உயர்த்தி எழுதியுள்ளனர். வென்றவர் பகைவரின் எண்ணிக்கையைக் கூட்டுவது வழக்கம். கைப்பற்றிய பீரங்கிகளும் கலங்களும் அவர்களால் எண்ணப்பட்டன. மாண்டவர் பெயர்கள் எழுதப்படவில்லை.

தோல்விக்குக் காரணம் வீரக்குறைவன்று. கலத்தில் நின்று போரிட வேண்டியோர் கரையில் இருந்தனர். கலங்கள் நங்கூரத்தில் நின்றன. ஃபத்தனின் மரமண்டபத்தில் காவல் வைத்த முன்னோரின் முறை வேதாளையில் கைக்கொள்ளப்படாது போயிற்று. அதன்பின் மீண்டும் இலங்கைக்கு ஒரு படை சென்றது. 1539இல் மாயாதுன்னை பறங்கியரோடு சமாதானம் செய்து கொள்ள நேர்ந்தபோது, உதவிக்கு வந்த மரைக்கார் தலைவர்கள் அங்கேயே கொல்லப்பட்டனர்.

ஃபகீஹ் என்னும் ஒரு சொல்

மேற்கண்ட மூன்று பெயர்களுள் நடுப்பெயர் நம் சிந்தனையைக் கவர்வது. ஃபகீஹ் என்பது மார்க்கச் சட்டம் கற்றவருக்குரிய பட்டம். பட்டம் குடும்பப் பெயராக வழங்குவதும் உண்டாதலால், அஹ்மத் மரைக்கார் இன்ன மதரசாவில் ஓதினார் என்று கூறத் துணியோம். ஆயினும் ஏட்டுக் கல்வியும் கடற்போரும் ஒரே குடும்பத்தில் அருகருகே வாழ்ந்தன என்பது இதனால் புலனாகும். பொன்னானி மக்தூம்களின் முன்னோர் மஃபர் கரையிலிருந்து மலபார் சென்றவர்கள். முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களே பறங்கியரை எதிர்க்கத் தூண்டும் கவிதை நூலொன்றை அரபியில் இயற்றினார்கள். ஆகவே கற்றவர் கரையில் இருந்து துஆ செய்தார், கல்லாதவர் கடலில் போரிட்டார் என்று பிரித்துப் பேசுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

தேடுவதில் உள்ள தடைகள்

இன்று தேடுபவருக்கு வசதிகள் பல. டேராடூனில் 1932இல் தோன்றிய இராணுவக் கல்விக்கூடம், நம் தமிழகத்தில் 1962இல் தொடங்கிய அமராவதிநகர் சைனிக் பள்ளி, 2009இல் மலபார்க் கரையின் ஏழிமலையில் திறக்கப்பட்ட கடற்படைக் கல்விக்கூடம் ஆகியவற்றில் பயின்றவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். பயின்ற மாணவர் எந்தக் கலத்தில் பணியாற்றினார், 1987இல் அமைக்கப்பட்ட கடற்கமாண்டோ படையில் சேர்ந்தாரா என்பதையெல்லாம் ஏட்டைக் கொண்டு அறியலாம். வேதாளை வீரர்க்குக் கடலே கல்லூரி, தந்தையே ஆசான். அக்கல்லூரிக்குப் பதிவேடு இல்லை.

இரண்டாவது தடை, பெயரே பட்டமாகி விடுவது. குஞ்ஞாலி என்பது ஒருவர் பெயராகத் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக வந்த பதவிப்பெயராயிற்று. நால்வர் அதனைத் தாங்கினர் என்பது மரபு. அவர்களுள் கடைசியானவர் 1600இல், சாமூதிரியும் பறங்கியரும் கூடி முற்றுகையிட்ட கோட்டக்கல் கோட்டையிலிருந்து வெளிவந்து சரணடைந்தபின், கோவாவில் கொல்லப்பட்டார். ஒருவர் செயலை மற்றவர்மீது ஏற்றி எழுதும் குழப்பம் இதனாலேயே விளைகிறது. மரைக்காயர் என்னும் சொல்லையே மரக்கலராயர் என்பதன் திரிபு என்பார் ஒருசாரார். மர்கப் என்னும் அரபுச் சொல்லோடு இணைப்பார் மற்றொரு சாரார்.

மூன்றாவது தடை நம்மிடமே உள்ளது. தலைவரின் வழித்தோன்றல் என்று சொல்லிக் கொள்ள ஆசைப்படுவோர் பலர். துடுப்புத் தள்ளி மாண்டவரின் வழித்தோன்றல் என்று சொல்ல எவரும் முன்வருவதில்லை. 42 கலங்களில் சென்றவர்களுள் மூவர் மட்டுமே தலைவர். மற்றையோரும் ஒரு தாயின் பிள்ளைகளே. ஆதாரமின்றிப் புனைந்த வமிசாவளி, உண்மையில் மாண்டவர்களை இன்னொரு முறை மறைத்து விடுகிறது.

நாம் செய்யத்தக்கது

நாட்டின் கடற்படை குஞ்ஞாலியின் பெயரை மறக்கவில்லை. மும்பையில் அதன் கரைத்தளம் ஒன்று அப்பெயர் தாங்குகிறது. 2000இல் அஞ்சல் துறை முத்திரை வெளியிட்டது. கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கப்பற்பொறியியல் கல்லூரியும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வேதாளைக்கு அருகில் உச்சிப்புளியில் 2009இல் 'பருந்து' என்னும் கடற்படை விமானத்தளம் அமைந்தது. ஆனால் வேதாளையில் மாண்டவரை நினைவுகூரும் பொறுப்பு நம்முடையது.

கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் இல்லங்களில் பழைய பெட்டிகள் உண்டு. அவற்றில் மரக்கலக் கணக்கேடுகள், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள், நிக்காஹ் பதிவுகள், கிதாபுகளின் ஓரங்களில் முன்னோர் குறித்து வைத்த பிறப்பு இறப்புத் தேதிகள் காணக்கூடும். செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் அவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே படியெடுக்க வேண்டும். பழைய பள்ளிகளின் மீஸான் கற்களில் உள்ள எழுத்துகளைச் சுண்ணாம்பு பூசி மூடாமல் படம்பிடித்து வைக்க வேண்டும். ஹிஜ்ரீத் தேதியை அப்படியே எழுதி, அருகில் ஆங்கிலத் தேதியைக் குறிக்க வேண்டும். கண்டதைக் கண்டபடியும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்து எழுத வேண்டும்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் பெயரையும் தகுதியையும் ஆராயாமல் ஒரு சொல்லையும் ஏற்காத மரபு நம்முடையது. அந்த ஒழுங்கை நம் ஊர் வரலாற்றுக்கும் கொண்டு வருவோமாயின், வேதாளை வீரர் அனைவரையும் காணாவிட்டாலும் சிலரையேனும் காணலாம். அப்படிக் கிடைக்கும் பெயர் துடுப்புத் தள்ளியவர் ஒருவருடையதாக இருந்தாலும், அதைத் தலைவர் மூவரின் பெயரோடு சேர்த்து எழுதுவதே நீதி.