அறுபது படிவமும் ஆறு பேனாவும்

போன சித்திரைத் திருவிழா சமயத்துல நடந்த கதை இது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழான்னா எங்க வீட்டுத் திண்ணையில உட்கார இடம் இருக்காது. சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட சொந்தக்காரங்கன்னு ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்துலயும் அக்கா மக மட்டும் மாடிப்படியில தனியா உட்கார்ந்து என்னமோ எழுதிக்கிட்டிருந்தா. பி.எட். படிக்கிற பிள்ளை. பக்கத்துல போய்ப் பார்த்தா ஒரு கத்தைப் படிவம், ஆறு பேனா. நீலம், கருப்பு, ஒண்ணு பச்சை கூட.

"என்னத்தா இது?"

"ப்ராஜெக்ட் மாமா. பிள்ளைக படிப்புல பெத்தவங்க எவ்வளவு அக்கறை காட்டுறாங்கன்னு அறுபது பேர்கிட்ட கேட்கணும். பத்தொன்பது பேர்தான் கிடைச்சாங்க. மிச்சத்தை நானே டிக் பண்ணிடலாம்னு..."

பேனாவை மாத்தி மாத்தி எழுதினா வேற வேற ஆள் எழுதின மாதிரி இருக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா சத்தம் போட்டுத் திட்ட வாய் வரல. ஏன்னா... கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன்.

நான் கல்லூரியில படிச்சப்ப (எந்தக் கல்லூரின்னு கேட்காதீங்க) பொருளாதாரத்துல ஒரு கிராம ஆய்வு உண்டு. ஐம்பது வீடு. கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, யார்கிட்ட வாங்கினது, பிள்ளைக பள்ளிக்கூடம் போகுதா... நல்ல கேள்விகதான். நாங்க மூணு பேர் போனோம். பன்னிரண்டு வீடு ஏறினோம். வெயில் தாங்கல. பாக்கி முப்பத்தெட்டு வீட்டையும் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தே "கட்டி" முடிச்சோம். குடும்பத் தலைவர் பேரு, வயசு, ரெண்டு ஏக்கர் நஞ்சை, மூவாயிரம் கடன், எல்லாம் எங்க கற்பனை. நல்ல மார்க்கும் கிடைச்சுச்சு. அதுதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

அது ஏன் உறுத்துதுன்னு புரியணும்னா கில்பர்ட் ஸ்லேட்டர் கதையைச் சொல்லணும்.

ஸ்லேட்டர் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில முதல்வரா இருந்தவர். 1915-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரா வந்தார். அந்தப் பதவிக்கு முதல் ஆள் அவர்தான். இங்கிலாந்துப் புத்தகத்தை வச்சுக்கிட்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது? மனுஷன் ஒரு காரியம் பண்ணினார். கேள்விப் பட்டியல் ஒண்ணு தயார் பண்ணி, மாணவர்கள்கிட்ட கொடுத்து, "உங்க உங்க ஊருக்குப் போய் விசாரிச்சு எழுதிட்டு வாங்க"ன்னு 1916-ல அனுப்பினார். நிலம் யார்கிட்ட, என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன்... கிட்டத்தட்ட எங்க படிவத்துல இருந்த அதே கேள்விகதான்!

மாணவர்கள் எழுதிட்டு வந்ததுல தேறினதைத் தொகுத்து 1918-ல 'சில தென்னிந்திய கிராமங்கள்'ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு புத்தகம் வந்துச்சு. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், இன்னிக்கு விருதுநகர் மாவட்டத்துல இருக்கிற வடமலாபுரம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல தூசி, அன்றைய தஞ்சை ஜில்லாவுல பாலக்குறிச்சி, இன்னிக்கு விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற இருவேல்பட்டு. எல்லாம் சாதாரண ஊருங்க. எழுதினவங்களும் சாதாரண மாணவங்கதான்.

கதை அதோட முடியல. இருபது வருஷம் கழிச்சு, 1936-37-ல, பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்ய வச்சாங்க. அது 1940-ல புத்தகமாச்சு. 1961 வாக்குல மார்கரெட் ஹாஸ்வெல்ங்கிற அம்மா இருவேல்பட்டுக்குப் போனாங்க. 1980-கள்ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் அஞ்சு ஊருக்கும் போனாங்க. இருவேல்பட்டுக்கு 1981-ல போனவங்க எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும். அப்புறம் 2008-ல ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூணு பேரும் மறுபடி அங்கேயே போனாங்க. ஒரே ஊரு, தொண்ணூத்திரண்டு வருஷம்! பெரிய நிலக்காரங்க பிடி எப்படித் தளர்ந்துச்சு, கூலிக்காரங்க வெளி வேலைக்கு எப்படிப் போக ஆரம்பிச்சாங்கன்னு அடுத்தடுத்து வச்சுப் பார்க்க முடியுது. உலகத்துலயே இப்படி நீண்ட கணக்கு இருக்கிற கிராமங்கள் ரொம்பக் குறைவு.

இப்ப யோசிங்க. 1916-ல அந்த மாணவன் வெயில் தாங்காம திண்ணையில உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதியிருந்தா? பின்னால வந்த அத்தனை பேரும் அந்தப் பொய் மேலதான் வீடு கட்டியிருப்பாங்க.

ஸ்லேட்டர் முறையிலயும் ஓட்டை இருந்திருக்கும். அந்தக் காலத்துல கல்லூரிக்குப் போனவங்க பெரும்பாலும் வசதியான, மேல்சாதி வீட்டுப் பிள்ளைக. ஊருக்குள்ள எல்லாத் தெருவுலயும் ஒரே மாதிரி உட்கார்ந்து பேசியிருப்பாங்களா? சேரி ஜனங்க அவங்ககிட்ட மனசு விட்டுப் பேசியிருப்பாங்களா? சந்தேகம்தான். ஆனா ஓட்டை இருக்கிற உண்மையை இன்னொருத்தர் வந்து சரிபண்ணலாம். பொய்யை என்ன பண்றது?

நம்ம ஜே.சி. குமரப்பாவும் இதே வழியில போனவர்தான். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கிட்டு 1929-30-ல கேடா ஜில்லா மாதர் தாலுகா கிராமங்கள்ல வீடு வீடா கணக்கெடுத்தார். விவசாயிக்கு வரவு என்ன, செலவு என்ன, அதுல வரி கட்ட முடியுமாங்கிறதுதான் கேள்வி. அங்கயும் பாடமும் போராட்டமும் ஒரே படிவத்துல. கடைசிக் காலத்துல நம்ம தே. கல்லுப்பட்டியில வந்து இருந்தவர், தெரியும்ல?

இதையெல்லாம் மருமககிட்டச் சொன்னேன். அவ கேட்டா பாருங்க ஒரு கேள்வி: "அது சரி மாமா, ஆனா நான் போற வீடெல்லாம் பூட்டியில்ல கிடக்கு?"

எத்தனை மணிக்குப் போனான்னு கேட்டேன். காலையில பத்து மணிக்காம்! பத்து மணிக்கு இந்த ஊர்ல யாரு வீட்டுல இருப்பா? வயக்காட்டுக்கும் வாழைத்தோப்புக்கும் கூலிக்குப் போறவுக வெள்ளனாவே கிளம்பிருவாக. வீட்டுல இருக்கிறது கடைக்காரர், வாத்தியார், பென்ஷன்காரர். அந்தப் பத்தொன்பது பேரும் அப்படித்தான். அவங்களை மட்டும் கேட்டுட்டு "வீரபாண்டிப் பெற்றோர்"னு எழுதினா அது பாதி ஊர்தான். ஆய்வு முறைப் புத்தகத்துல மாதிரி எடுத்தல்னு பெரிய பாடமா இருக்கிற விஷயம், நம்ம ஊர்ல பூட்டின கதவுல தொங்குது.

இன்னொண்ணும் கவனிச்சேன். படிவத்துல "முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்"ல ஆரம்பிச்சு "அறவே மறுக்கிறேன்" வரைக்கும் அஞ்சு கட்டம். 1932-ல அமெரிக்காவுல ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டு வந்த அளவுகோல் இது. ஒரு மனப்பான்மையை அளக்க நல்ல கருவிதான். ஆனா "என் பிள்ளையின் கல்வியில் எனக்கு அக்கறை உண்டு"ன்னு அச்சடிச்சு நீட்டினா எந்த அம்மா இல்லைன்னு சொல்லும்? அதுக்குப் பதிலா, "போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை தடவை போனீங்க? போனா ஒரு நாள் கூலி போயிருமா?"ன்னு கேளுத்தான்னு சொன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் நானும் கூடப் போனேன். ஒரு அம்மா தோட்டத்து வேலை முடிச்சு வந்து அப்பத்தான் அடுப்புப் பத்த வைக்குது. கேள்வியைக் கேட்டதும், "ஒரு தடவைகூடப் போகல தாயி. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுவாகளான்னு பயந்துக்கிட்டே போகல"ன்னுச்சு. அஞ்சு கட்டத்துல எதுலயும் அடங்காத பதில். மருமக பேனாவைக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்னா. அப்புறம் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் அப்படியே எழுதிக்கிட்டா.

மூணு நாள் அலைஞ்சதுல மொத்தம் நாற்பத்தியொண்ணு சேர்ந்துச்சு. "அறுபது வேணுமே மாமா, மார்க் குறைப்பாங்களே"ன்னா. குறைப்பாங்களோ என்னமோ, தெரியல. ஆனா அறிக்கையில "அறுபது பேரை அணுகத் திட்டமிட்டு நாற்பத்தொரு பேரிடம் மட்டுமே பேச முடிந்தது, காரணம் இன்னது"ன்னு அவளாவே எழுதிட்டா. படிச்சுப் பார்த்தேன். அந்த ஒரு பத்திதான் அந்த அறிக்கையிலயே உருப்படியான பத்தி.

ஸ்லேட்டரோட அந்த அஞ்சு ஊர்ல நம்ம கம்பம் பள்ளத்தாக்கு ஊர் ஒண்ணுகூட இல்ல. 1895-ல பெரியாறு அணைத் தண்ணி வந்தப்புறம் இந்தப் பக்கம் கூலி எப்படி மாறுச்சு, கடன் எப்படி மாறுச்சுன்னு வீடு வீடா எழுதி வச்ச ஒரு மாணவன் நோட்டு இருந்திருந்தா இன்னிக்கு எவ்வளவு உபயோகமா இருக்கும்! நாங்க அன்னிக்கு ஏறாம விட்ட முப்பத்தெட்டு வீடும் அந்த நோட்டுல சேர்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பச்சைப் பேனா இப்ப எங்கிட்டதான் இருக்கு. திருப்பிக் கேட்டா, கொடுக்கல :-)