பன்னிரண்டு பேர் திறந்த கதவு

"சார், பெரிய கப்பல் ஒண்ணு வருதாம். பாம்பன் பாலத்தைத் திறக்கப் போறாங்க. கிளம்புங்க!"

2017-ல் ஒரு நாள். விழுப்புரத்து நண்பர் போனில் இப்படிக் குதித்தபோது நான் திண்டிவனத்தில் இருந்தேன். அவருக்கு கேமரா பைத்தியம். எனக்குப் பழங்கதைப் பைத்தியம். அப்புறமென்ன? சாயங்காலமே பஸ் பிடித்து விழுப்புரம் ஜங்ஷன் போய், ராத்திரி ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம்.

நம் ஊர்கள் வழியே போகும் இந்தத் தண்டவாளத்துக்கு ஒரு காலத்தில் தனிப் பெருமை இருந்தது, தெரியுமா? எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் கொழும்பில் போய் இறங்கலாம். 'போட் மெயில்' என்று பெயர். திண்டிவனம், விழுப்புரம் தாண்டித் தெற்கே ஓடி, தனுஷ்கோடியில் நிற்கும். அங்கே நீராவிக் கப்பல். அக்கரையில் தலைமன்னாரில் இன்னொரு ரயில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்!

அதற்காகத்தான் பாம்பனில் கடலுக்குக் குறுக்கே பாலம் கட்டினார்கள். இலங்கை வரைக்கும் பாலம் போடலாமா என்றுகூட வெள்ளைக்காரர்கள் யோசித்தார்கள். செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், பாம்பனோடு பாலத்தை நிறுத்திக்கொண்டு மீதி தூரத்தைக் கப்பலிடம் விட்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். பாம்பன் கால்வாய் வழியே ஏற்கெனவே கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்தன. அந்தப் பாதைக்காக 1820-களிலேயே ஆர்தர் காட்டனை (ஆமாம், பிறகு கொள்ளிடத்தில் அணை கட்டிய அதே காட்டன்) அனுப்பி அளந்து பார்த்திருந்தது கம்பெனி சர்க்கார். குறுக்கே ரயில் போனால் கப்பல் எப்படிப் போகும்?

விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சர் என்ற என்ஜினீயர் ஒரு பாலம் யோசித்து வைத்திருந்தார். குழந்தைகள் ஆடும் மரக்குதிரையின் அடிக்கட்டை வளைந்திருக்குமே, அதேபோல் வளைந்த அடிப்பாகம். பின்னால் கனத்த எதிர் எடை. லேசாக உருட்டிவிட்டால் பாலம் அப்படியே பின்னுக்குச் சாய்ந்து எழுந்துகொள்ளும். பாவம், தன் யோசனையில் ஒரு பாலம்கூட முடிந்ததைப் பார்க்காமல் 1893-ல் செத்துப்போனார். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தபோது, நடுவில் ஷெர்சர் பாணி இறக்கைகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல்!

காலையில் ரோட்டுப் பாலத்தின் மேல் போய் நின்றோம். 1988-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த பாலம் அது. உயரமாகக் கட்டிவிட்டதால் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. கீழே பக்கத்திலேயே ரயில் பாலம். 'உள்ளூர் ஆள் கையில் பிளாஸ்க், வெளியூர் ஆள் கையில் கேமரா' என்று கைப்பிடிச் சுவர் நெடுக ஜனம். பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிர, நண்பர் பஸ்ஸைத் திட்டினார்.

கப்பல் வருவதற்குள் 1964-ஐச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே போன பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் கர்டர்கள் நூற்றுக்கு மேல் கடலில் விழுந்தன. தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது. விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தினார் இளம் என்ஜினீயர் ஒருவர். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டினாரே ஸ்ரீதரன், அவர்தான். பாலம் பிழைத்தது, போட் மெயிலின் தனுஷ்கோடி போய்விட்டது.

"வருது, வருது!" என்று கூட்டம் கத்தியது. பார்த்தால், ஓர் இழுவைக் கப்பல். பின்னால் ஒரு மிதவை. இதுவா பெரிய கப்பல் என்று நண்பருக்கு முகம் வாடிவிட்டது. நிஜமான பெரிய கப்பல்கள் இந்தப் பக்கமே வர முடியாது, ஆழம் போதாது. அவை இலங்கையைச் சுற்றித்தான் போகும். அதை மாற்றத்தான் 2005-ல் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கினார்கள். அது நடுக்கடலில் நின்றது.

ஆனால் நான் கப்பலைப் பார்க்கவில்லை. பாலத்தில் இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், நெம்புகோலைத் தள்ளித் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் கிடையாது. பற்சக்கரங்களும் பன்னிரண்டு ஜோடிக் கைகளும்தான். மெல்ல, மெல்ல, இரும்பு வானத்தைப் பார்த்து எழுந்தது. கப்பல் போனது. கூட்டம் கைதட்டியது, கப்பலுக்கு! அவர்கள் மறுபடி குனிந்து, திறந்ததை மூட ஆரம்பித்தார்கள்.

2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது. மின்சாரம் பார்த்துக்கொள்கிறது.

செய்தியைப் பார்த்துவிட்டு நண்பர் விழுப்புரத்திலிருந்து வந்தார், பழைய படங்களை எடுத்துக்கொண்டு. இருநூறு படம். எல்லாவற்றிலும் கப்பல். "அந்த ஆளுங்க எங்கே சார்?" என்றேன். அவருக்கும் சங்கடமாகிவிட்டது. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளி புள்ளியாகச் சிலர். இரண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினோம்.

பதினொன்றுதான் தேறியது.