‘கூலி’ என்னும் சொல்லின் சமூக வரலாறு: உடலுழைப்பு பற்றிய மனப்பாங்குகளை முன்வைத்து

தமிழிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்ற சொற்களைப் பட்டியலிடுவோர் அரிசி, இஞ்சி, கட்டுமரம் முதலியவற்றைப் பெருமிதத்தோடு கூறுவர். அப்பட்டியலில் ‘கூலி’ என்னும் சொல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் விரைந்து கடந்து செல்லப்படுகிறது. மலாய், டச்சு, ஆப்பிரிக்கான்சு, பிரெஞ்சு, ஆங்கிலம் எனப் பரவிய இச்சொல்லைச் சீனர்கள் ஒலியொப்புமை கருதித் தம் மொழியில் ‘கசப்பான வலிமை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். இத்துணைத் தொலைவு பயணம் செய்த சொல்லைப் பற்றி நாம் பேசத் தயங்குவது, உடலால் உழைப்போரைப் பற்றி நம் சமூகம் கொண்டுள்ள மனப்பாங்கின் ஒரு வெளிப்பாடே எனலாம். உழைப்புக்கு ஈடாகத் தரப்படும் பொருளைக் குறித்த இச்சொல் உழைக்கும் மனிதனை இழித்துரைக்கும் பெயராக எவ்வாறு மாறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பிறப்புப் பற்றி முதற்கண் ஒரு குறிப்பு அவசியம். 1886-இல் யூல், பர்னெல் ஆகியோர் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமான ‘ஆப்சன்-ஜாப்சன்’, ஐரோப்பியர் வழக்கிலுள்ள ‘கூலி’யைக் குஜராத்துப் பகுதியில் வாழும் கோலி இனத்தாரின் பெயரோடு தொடர்புபடுத்துகிறது, தமிழ்ச் சொல்லின் கலப்பையும் அது கருதுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்கதே. எனினும் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளில் வழங்கும் ‘கூலி’ எந்த இனப்பெயரையும் சாராதது. அதன் பொருள் வேலைக்குரிய ஈடு என்பதேயாகும். இவ்வேறுபாடு வெறும் அகராதிச் சிக்கலன்று. ஐரோப்பிய வழக்கில் அச்சொல் தொடக்கத்திலிருந்தே ஆளைச் சுட்டியது. தமிழில் அது பொருளைச் சுட்டியது.

திருக்குறளின் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில் (குறள் 619) இச்சொல் பயின்று வருவதைத் தமிழறிஞர் அனைவரும் அறிவர். தெய்வத்தால் ஆகாத இடத்தும் உடல் வருந்திய முயற்சி தனக்குரிய பயனைத் தந்தே தீரும் என்பது அக்குறளின் கருத்து. அப்பயனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் கூலி என்பதாகும். இங்கே இழிவின் சாயல் சிறிதும் இல்லை. தெய்வத்தோடு எதிர்நிறுத்திப் பேசும் அளவிற்கு அச்சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

இடைக்காலத்தில் இச்சொல்லின் நிலையை உணர ‘வெட்டி’ என்னும் மற்றொரு சொல்லையும் உடன்வைத்து நோக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கடமைகளுள் வெட்டியும் ஒன்று. அது ஈடின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. வடமொழி ‘விஷ்டி’யோடு தொடர்புடையது என்பர். ஊர்ப் பொதுவேலை, ஏரி, கரை, வாய்க்கால் பராமரிப்பு எனப் பலவும் இவ்வாறு நடைபெற்றன. ஈடு தரப்படாத உழைப்பின் பெயர் இன்று ‘வெட்டி வேலை’, ‘வெட்டிப் பேச்சு’ எனப் பயனற்றதைக் குறிக்கும் அடையாகிவிட்டது. கரையை உயர்த்தியவனின் உழைப்பு பயனற்றதன்று. அவனுக்குத்தான் பயன் கிட்டவில்லை. மொழி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இப்பின்னணியில் கூலி என்பது கட்டாய உழைப்பிலிருந்தும் அடிமை நிலையிலிருந்தும் வேறுபட்டதொரு உறவைச் சுட்டியது. கூலி பெறுவோன் தன் உழைப்பை விலைபேசும் நிலையில் இருந்தான்.

பிட்டுக்கு மண் சுமந்த கதை இதற்கு அரிய சான்று. மாணிக்கவாசகரின் திருவாசகத்திலேயே குறிக்கப்பெறும் இக்கதை, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘மண் சுமந்த படலம்’ என விரிகிறது. வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைய, ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் பங்கை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். இது வெட்டி வகையைச் சேர்ந்த கட்டாய உழைப்பு என்பது வெளிப்படை. பிட்டு விற்றுப் பிழைக்கும் முதியவளான வந்தியால் மண் சுமக்க இயலாது. அவள் ஆள் தேடுகிறாள். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி இறைவனே ஆளாக வருகிறான். ஆக, அரசனுக்கும் வந்திக்கும் இடையே உள்ளது கட்டாயம். வந்திக்கும் ஆளுக்கும் இடையே உள்ளது உடன்பாடு. உடன்பாட்டின்படி பிட்டு கொடுக்கப்படுகிறது. கட்டாயத்தின்படி அரசனின் பிரம்படி விழுகிறது. அந்த அடி பாண்டியன் உட்பட எல்லா உயிர்களின் மேலும் பட்டது என்கிறது புராணம். பக்தி நோக்கில் இதற்கு இறைவனின் எங்கும் நிறைந்த தன்மை என்று பொருள் கூறுவர், அது சரியே. எனினும் கூடையும் மண்வெட்டியுமாக நின்று அடிவாங்கிய கூலியாளின் உருவத்தைத் தெய்வத்துக்குப் பொருத்திப் பார்க்க ஒரு சமூகம் தயங்கவில்லை என்பதும் கருதத்தக்கது. மதுரையில் ஆவணி மூலத்தன்று இந்நிகழ்ச்சி இன்றும் திருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது.

இதனால் பழந்தமிழ்ச் சமூகம் உழைப்பாளரைப் போற்றியது என்று முடிவு கட்டுவது பிழையாகும். தெய்வம் ஒருநாள் மண் சுமந்தது. மண் சுமப்பதையே பிறவிக் கடனாகக் கொண்டோர் தெய்வத்தின் கருவறையை அணுக 1939-ஆம் ஆண்டின் ஆலய நுழைவு நிகழ்ச்சிவரை காத்திருக்க நேர்ந்தது, அதுவும் அதே மதுரையில். பண்ணையாள், படியாள் என்னும் சொற்கள் குறித்த மனிதர்கள் கூலி பேசும் உரிமை பெற்றவர்கள் அல்லர். ‘கூலிக்கு மாரடித்தல்’ என்னும் மரபுத்தொடர், ஈடு பெற்றுச் செய்யும் வேலையில் உள்ளன்பு இராது என்னும் ஏளனத்தைச் சுமந்திருக்கிறது. இழிவு முழுவதும் வெள்ளையர் தந்தது என்பார் இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது வேறொரு வகை மாற்றம். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி 1834-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே மொரீசியசுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்படலாயினர். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்திறங்கிய போர்ட் லூயி துறைக்குக் ‘கூலித் துறை’ என்றே பெயர் வழங்கியது. பின்னர் ‘ஆப்ரவாசி காட்’ எனப் பெயர் மாற்றப்பெற்ற அவ்விடம் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நேட்டாலுக்குச் சென்ற முதற்கப்பலான ‘துரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911 வரை அங்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். கப்பற் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றோடு ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் தரப்பட்டது. தழும்பைக் கூடப் பதிந்த அப்பதிவேடுகளில் அவர்கள் அறிந்திருந்த கைத்தொழிலை அறிய வழியில்லை. உழவர், நெசவாளர், குயவர் என எவராயினும் கரையிறங்கியதும் ‘கூலி’ ஒருவரே.

சட்டமும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றது. முன்பணம் பெற்றபின் வேலையை விட்டு நீங்கும் தொழிலாளரைச் சிறையிலிட வழிசெய்த 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் 1925-இல் நீக்கப்படும்வரை நடைமுறையில் இருந்தது. தோட்ட முதலாளிகளின் நலனுக்காகச் சென்னை மாகாணத்தில் 1903-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இரு தரப்பினர் செய்துகொண்ட உடன்பாட்டை மீறுவது ஒரு தரப்புக்கு மட்டும் குற்றமாயிற்று. வள்ளுவர் வழக்கில் உழைத்தபின் வருவது கூலி. தோட்டங்களிலோ அது முன்பணமாக, கடனாக முன்னே வந்து ஆளைப் பிணைத்தது. இலங்கையில் கங்காணிமார் வழியே இக்கடன் ‘துண்டு’ என்னும் சீட்டாகத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறியது; அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. மலையகத் தமிழில் ஒருநாள் கூலிக்கு உரிய பதிவு ‘பேர்’ எனப்பட்டது. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப் பேர்’ விழுந்தது. ஓரிடத்தில் கூலி மனிதனின் பெயராயிற்று. மற்றோரிடத்தில் பெயரே கூலியின் அளவாயிற்று. இப்பகுதியைப் பற்றிய கள ஆய்வுகள் மொழியியல் துறையினரின் கவனத்தை இன்னும் போதிய அளவு பெறவில்லை என்றே தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்காவில் இச்சொல்லின் வரலாற்றைக் காந்தியடிகளின் தன்வரலாறு விளக்கமாகக் காட்டுகிறது. 1893-இல் அங்குச் சென்ற அவர் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். வணிகர் ‘கூலி வணிகர்’ எனப்பட்டனர். தமிழர் பெயர்களின் ஈற்றிலுள்ள ‘சாமி’யைப் பிரித்து இந்தியர் அனைவரையும் ‘சாமி’ என ஏளனமாக அழைக்கும் வழக்கமும் இருந்தது. சாமி என்றால் தலைவன் என்று பொருள், நான் உமக்குத் தலைவன் அல்லேன் எனச் சில இந்தியர் திருப்பிக் கூறியதையும் அவர் பதிவு செய்கிறார். இங்கே ஊன்றி நோக்கவேண்டியது மற்றொன்று. முஸ்லிம் வணிகர் தம்மை ‘அராபியர்’ என்றும், பார்சி எழுத்தர் ‘பாரசீகர்’ என்றும் சொல்லிக்கொண்டனர். அவர்களின் மனக்குறை, கூலிகள் இழிவாக நடத்தப்படுகின்றனர் என்பதன்று. தாமும் கூலிகளோடு சேர்த்து எண்ணப்படுகிறோம் என்பதே. படித்தோரும் பொருளுடையோரும் உடலுழைப்பின் இழிவை மறுக்காமல் அதிலிருந்து தம்மை மட்டும் விலக்கிக்கொள்ள முயன்ற இப்போக்கு, இந்திய நடுத்தர வகுப்பின் வரலாற்றில் பலமுறை காணப்படுவதாகும்.

இந்நிலையிலிருந்து காந்தியடிகளை நகர்த்தியவர் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர். எசமானனால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அவர் காந்தியடிகளின் அலுவலகத்துக்குள் வந்தார். வெள்ளையரைக் காணச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர் தலையணியைக் கழற்றவேண்டும் என்பது அங்கு வழக்கு. இந்தியர் ஒருவர் முன்னிலையிலும் அவ்வழக்கைப் பின்பற்றியது காந்தியடிகளைத் துணுக்குறச் செய்தது. அவர் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுமாறு கூறினார். பின்னர் பாலசுந்தரம் வேறோர் எசமானனிடம் மாற்றப்பட்டார். ஒப்பந்தத்திலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. ஆயினும் இச்செய்தி சென்னை மாகாணம் வரை எட்டியது. 1913-இல் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நேட்டாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் செய்தோர் இவ்வகைத் தொழிலாளரே. 1914-இல் அவ்வரி நீக்கப்பட்டது.

தாயகத்தில் இதே காலப்பகுதியில் புதியதொரு சொல் நிலைபெற்றது. 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோரின் முயற்சியால் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிய மே நாளும் ‘தொழிலாளர்’ என்னும் சொல்லுக்கு மதிப்புச் சேர்த்தன. ஆலையில் பணிபுரிந்தோர் தொழிலாளர் ஆயினர். வயலில் பணிபுரிந்தோர் பொதுவழக்கில் ‘விவசாயக் கூலி’களாகவே நீடித்தனர். நிலமின்மையும் சாதியும் சேர்ந்த இடத்தில் புதுச்சொல் எளிதில் நுழையவில்லை. நெற்கூலியை உயர்த்தக் கேட்ட போராட்டத்தின் பின்னணியில் 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டே வேளாண் தொழிலாளருக்கு நியாயமான கூலியை வரையறுக்கும் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டது.

இன்றைய வழக்கை நோக்கினால் ஈட்டுச் சொற்களிடையே ஒரு படிநிலை இருப்பது புலனாகும். கூலி, சம்பளம், ஊதியம், மதிப்பூதியம் என அது மேல்நோக்கிச் செல்கிறது. குறளில் இலாபம் என்னும் பொருளில் வந்த ‘ஊதியம்’ அலுவலர்க்கு உரியதாயிற்று. ஒருநாள் சொற்பொழிவாற்றிய பேராசிரியர் பெறுவதும் உண்மையில் தினக்கூலியே. ஆனால் அதற்கு மதிப்பூதியம் என்று பெயர். அதே வேளையில் செய்கூலி, தையற்கூலி, அரவைக்கூலி, வண்டிக்கூலி ஆகிய சொற்களில் இழிவு ஏதுமில்லை. நகைக்கடையில் செய்கூலி கேட்கப்படும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை. தொகை மிகுதி என்றால்தான் சுளிப்பர். பொருளோடு சேரும்போது தூய்மையாக நிற்கும் சொல், ஆளோடு சேரும்போது மட்டும் கறைபடுகிறது. ஆகவே கறை சொல்லில் இல்லை என்பது தெளிவு.

பெயர் மாற்றத்தால் இழிவைப் போக்கும் முயற்சிகளை இவ்வொளியில் மதிப்பிடலாம். 2016-ஆம் ஆண்டு தொடர்வண்டி வரவு-செலவு அறிக்கையில் நிலையச் சுமைதூக்குவோர் இனி ‘சகாயக்’ என அழைக்கப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. வட இந்திய நிலையங்களில் பயணிகள் வாயில் ‘கூலி’யே இன்றும் நிற்கிறது. மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி நேர்மாறான வழியை மேற்கொண்டார். 1992-இல் அச்சொல்லையே எடுத்து, ஒப்பந்தத் தொழிலாளர் வழித்தோன்றல்களின் பண்பாட்டுக் கூறுகளைச் சுட்டும் ஒரு கலைச்சொல்லை ஆக்கினார். தமிழ்நாட்டில் 2020-இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்பது ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றப்பட்டது. துப்புரவு என்பதும் தூய்மை என்பதும் பொருளால் ஒன்றே. முன்னதில் படிந்த இழிவு பின்னதிலும் படிய எவ்வளவு காலம் ஆகும் என்பது அப்பணியின் நிலைமையைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகையின் முன் பல நாள் அமர்ந்து போராடிய தூய்மைப் பணியாளர்களின் கோரிக்கைகளில் பெயரைப் பற்றியது எதுவும் முதன்மை பெறவில்லை. பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கலாகாது, நிரந்தரமாக்க வேண்டும், பெற்றுவந்த கூலி குறையலாகாது என்பனவே அவர்கள் கேட்டவை.