கூத்தியும் டான்ஸும்

மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்துப் பக்கம் கூத்தியார்குண்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. ‘ஆர்’ விகுதியைக் கவனிக்க வேண்டும். கூத்தி என்றால் கூத்தாடுகிறவள். அதற்குமேல் அந்தச் சொல்லில் முதலில் ஒன்றுமில்லை. இன்று அதற்கு அர்த்தம் வைப்பாட்டி. ஊர்ப்பெயரில் மட்டும் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்பாலுக்கு இந்தக் கதி நேரவில்லை. கூத்தன் என்றால் மீனாட்சி கோவில் வெள்ளியம்பலத்தில் கால் மாற்றி ஆடுகிறவன். ஒட்டக்கூத்தர் பெயரைச் சொல்லவும் யாரும் கூசுவதில்லை.

ஆடுகிறவளுக்கு வழங்கிய பெயர் வசவாவதும், ஆட்டம் வேறு பெயர் தேடிப் போவதும் இங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. கல்வெட்டுகளில் தேவரடியார் கோவிலுக்குத் தானம் கொடுக்கிறார்கள். தஞ்சையில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும், பங்குக்கு 100 கலம் நெல்லும் உண்டு. ‘தேவரடியாள்’ தெருச்சண்டையில் தேய்ந்து என்னவாயிற்று என்பதை எழுதிக் காட்ட அவசியமில்லை. தொழிலுக்குள் வழங்கிய பெயர்களில் இந்த வெறுப்பு கிடையாது. நாகஸ்வரக் கோஷ்டி பெரியமேளம், சதிர்க் கோஷ்டி சின்னமேளம், அவ்வளவுதான். (எது சின்னது என்று தீர்மானித்தது யார் என்று கேட்கலாம்.) 1932இல் சென்னை மியூஸிக் அகாடமி சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது, 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆட்டம் புதுப்பெயரோடு சபாவுக்குள் போயிற்று. பழைய பெயர்கள் ஆடியவளின் குடும்பத்தோடு வெளியே நின்றுவிட்டன.

மதுரைச் சீமையின் ஸ்பெஷல் நாடகத்தில் இதே காரியம் இங்கிலீஷில் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாடம், ஒத்திகை கிடையாது, நடிகர்கள் தனித்தனியாக ஒப்பந்தமாகி மேடையில்தான் சந்திப்பார்கள். அதனால்தான் அது ஸ்பெஷல். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்பவை கம்பெனி நாடக வழியாக வந்த பெயர்கள். கதை தொடங்குமுன் பபூனோடு ஆடி, பதிலுக்குப் பதில் பேசும் பெண்ணுக்குப் பெயர் ‘டான்ஸ்’. ஆடுகிறவள் என்றுகூட இல்லை, ஆட்டமே அவள். அந்நியச் சொல், பழைய கறை இல்லாதது. இருந்தும் ‘டான்ஸ்காரி’ என்பது கூத்தி நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. அந்நியர் முன்னால் ராத்திரியில் நிற்கிறாள் என்பதுதான் குற்றம் என்றால், ராஜபார்ட்டும் அதே மேடையில்தான் நிற்கிறார். அவருக்கு மாலை விழுகிறது. இசைத்தட்டுக்கு ஆடியதால் பெயர் பெற்ற ‘ரெக்கார்டு டான்ஸ்’ இன்னும் சீக்கிரம் கெட்டது.

இப்போது திருவிழா நோட்டீஸ்களில் ‘ஆடல் பாடல் நிகழ்ச்சி’. போலீஸ் அனுமதி மறுத்தால், 2004இல் மதுரைக்கு வந்த உயர்நீதிமன்றக் கிளையில் ஊர்க்காரர்கள் மனுப் போடுகிறார்கள். ஆபாச ஆட்டமும் இரட்டை அர்த்தப் பாட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு உத்தரவு கிடைக்கிறது. மாதவியின் தேர்ச்சியைச் சொல்ல இளங்கோ எடுத்துக்கொண்ட சொற்கள்தாம் ஆடலும் பாடலும். ‘ராத்திரி ஆடல் பாடலா?’ என்று டீக்கடையில் விசாரிக்கிறவர் இப்போதே குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார்.