எதிரியின் நாட்குறிப்பில் ஊமைத்துரை

போர்முனைச் செய்தியாளர் என்றதும் 1854இல் கிரிமியப் போர்க்களத்திலிருந்து லண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு எழுதிய வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸலைத்தான் உலகம் நினைக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் திருநெல்வேலிச் சீமைக் கரிசலில், முன்னணிப் படையோடு நடந்து, கண்டதை எழுதியும் வரைந்தும் வைத்த ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அந்த ஸ்காட்லாந்துக்காரர் பத்திரிகையாளர் அல்லர். கும்பினிப் படையின் இளம் அதிகாரி. நாற்பதாண்டு நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து 1830இல் அவர் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட இராணுவ நினைவுகளை விலக்கிவிட்டு, 1801ஆம் ஆண்டுப் பாளையக்காரர் போரை எவரும் எழுதிவிட முடியாது. கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறும் (1881) இப்பகுதியில் வெல்ஷின் தோளில்தான் நிற்கிறது.

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது 1799இல். அவன் தம்பி ஊமைத்துரையும் பிறரும் பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்காரச் சமூகம் முழுவதும், ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் அளவில், மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்துண்டு கொண்டிருந்தது. படையோ தொலைவில், சங்கரநயினார்கோயில் பாசறையில். அம்மை கண்டிருந்ததால் கைதிகளின் விலங்குகள் கழற்றப்பட்டிருந்தன. சிறையுடைந்தது.

பின்தொடர்ந்து சென்ற படை ஒரு வாரத்தில் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, இடித்துப் போட்ட இடத்தில் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. ஏறத்தாழ ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம், பன்னிரண்டடி உயரம், முழுவதும் மண். மெக்காலே தாக்காமல் திரும்பினார். மார்ச் 31இல் பீரங்கிகளோடு வந்து மதிலில் உடைப்பு உண்டாக்கி ஏற முயன்றபோது, உடைப்பின் உச்சியை எட்டிய ஒவ்வொருவனும் சரிந்து விழுந்தான். முன்னேறிய 120 ஐரோப்பியரில் காயமின்றி மீண்டோர் 46 பேர். ஏன் எவராலும் உள்ளே குதிக்க முடியவில்லை என்பது, மே 24இல் கர்னல் அக்னியூவின் பெரும்படை கோட்டையைப் பிடித்த பிறகே வெல்ஷுக்கு விளங்கியது. மதிலின் உட்புறம் கால் வைக்க இடமில்லை. கொத்தளங்கள் உள்ளீடற்றவை. கீழே மறைந்து நின்றவர்கள் பதினெட்டு, இருபது அடி நீள ஈட்டிகளால் மேலே தோன்றியவர்களைக் குத்தியிருக்கிறார்கள். தோற்றவன் கட்டிய மண்சுவரை ஒரு பொறியாளனின் வியப்போடு வென்றவன் சுற்றிப் பார்க்கும் இப்பகுதியை வகுப்பில் வாசிக்கும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறோம்.

ஊமைத்துரையைப் பற்றிய பக்கங்கள் இன்னும் அரியவை. தாம் அறிந்த மானிடரில் மிக விந்தையானவன் என்கிறார் வெல்ஷ். காது கேளாத, வாய் பேசாத, ஒல்லியான அந்த இளைஞன் உள்ளங்கையில் சில வைக்கோல் துணுக்குகளை ஆங்கிலேயராக வைத்து, வாயால் ஓர் ஒலி எழுப்பி, மறுகையால் அவற்றைத் துடைத்தெறிவானாம். அதுவே போர் ஆணை.

கோட்டை விழுந்த அன்று, வீழ்ந்து கிடந்தோரிடையே மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, உயிர் ஊசலாடிக் கொண்டிருந்த அவனைக் கண்டாள். என்னை விட்டுவிடு, அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான் அவன். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றனர். பரிசுக்காகத் தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கியதும், வெள்ளைத் துணியால் மூடி, அம்மையில் இறந்தவன் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் ஓடிவிட்டனர். சிறையில் விலங்கைக் கழற்றிய அதே அம்மை! கதைப்பாடல் போல் ஒலிக்கும் இதை எதிரியின் எழுத்தில் படிக்கிறோம். நாட்டார் கற்பனை என்று நம்மவர் ஒதுக்குபவற்றைச் சற்று நிதானித்தே ஒதுக்க வேண்டும் போலும்.

வெல்ஷை நடுநிலையாளராக்குவது நம் நோக்கமன்று. வரிவசூல் உரிமை பற்றியோ, 1792 உடன்படிக்கைக்குப் பின் பாளையங்கள் நெரிக்கப்பட்டது பற்றியோ அவர் அதிகம் கவலைப்படவில்லை. அவர் கண்ணுக்கு அகப்பட்டவர்கள் மனிதர்கள் மட்டுமே. தமக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று எழுதுகிறார். அதே சின்ன மருதுவைத் தொடை முறிந்த நிலையில் பிடித்துத் தூக்கிலிட்ட படையிலும் அவர் இருந்தார். மருதிருவர் தூக்கிலிடப்பட்டது அக்டோபர் 24. நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு 73 பேர் நாடுகடத்தப்பட்டனர். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயதுச் சிறுவன். கரையில் அவர்களுக்குக் காவலிருந்தவர் வெல்ஷ். தம்மால் இயன்ற இரக்கத்தை அவனிடம் காட்டியதாகக் குறிப்பிடுகிறார். 1818இல் அவர் பினாங்கு சென்றபோது தளர்ந்த கிழவர் ஒருவர் எதிரே வந்து நின்றார். யாரென்று கேட்டார் வெல்ஷ். பெயரைச் சொன்ன பிறகே அடையாளம் தெரிந்தது. துரைசாமிக்கு அப்போது முப்பதைச் சற்றே தாண்டிய வயதுதான் இருந்திருக்கும்.

அவர் கேட்ட உதவி ஒன்றே ஒன்று. ஊரில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். அது கடமைக்கு முரண் என்பதால் வெல்ஷ் அக்கடிதத்தை வாங்கவில்லை. பன்னிரண்டாண்டு கழித்து, வாங்காத அக்கடிதத்தைப் பற்றித் தம் நூலில் எழுதினார்.